டெபியன் 12இல் எஸ்எஸ்எச் இன்னும் 9.2தான், வங்கி ஸ்கேனில் ஃபெயில். பேட்ச் வரவே இல்லையா?

உப்புவெளிக்காரன்

வணக்கம். உப்புவெளியில் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸில் புக்கிங், பில்லிங், வைஃபை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு பழைய டெஸ்க்டொப்பில் டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடுகிறது. கார்டு எடுப்பதால் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஸ்கேன் பண்ணச் சொல்கிறது. இந்தமுறை சிவப்பில் ஃபெயில். ஓபன்எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் மென்பொருள்) 9.2பி1 பழையது, அதில் சி.வி.இ 2024-6387 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது, 9.8க்கு மாற்று என்று ஒரே வரி, வேறு விளக்கம் இல்லை.

டெபியனில் மென்பொருளை இறக்கிப் போடும் ஆப்ட்டில் அப்டேட், அப்கிரேட் இரண்டும் ஒழுங்காகத்தான் போடுகிறேன், புதிதாக எதுவும் இல்லை என்றே சொல்கிறது. அப்போ டெபியன்காரர்கள் இந்த ஓட்டையை அடைக்காமலே விட்டுவிட்டார்களா? தெரிந்த ஒருவர் 9.8 சோர்ஸை இறக்கி நீயே கொம்பைல் பண்ணு, பெரிய வேலை இல்லை என்கிறார். சீசன் நேரம், ரூம் எல்லாம் ஃபுல், இப்போது கை வைத்து பில்லிங் குழம்பினால் முதலாளி என்னைக் கடலில் தள்ளிவிடுவார்.

இன்னொன்று, இங்கே டேட்டா அளந்துதான் பாவிக்கிறோம். பின்னேரம் விருந்தாளிகள் வீடியோ பார்க்கிற நேரம் பார்த்து அப்டேட் தானாக இறங்கத் தொடங்கினால் எல்லாம் இழுபடுகிறது. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

உவர்மலை

கொம்பைல் பண்ணவே வேண்டாம். பண்ணினால் அந்த எஸ்எஸ்எச்சை ஆப்ட் பிறகு கவனிக்காது, அடுத்த ஓட்டை வரும்போது நீங்கள்தான் செய்தி பார்த்து, சோர்ஸ் இறக்கி, திரும்பவும் கொம்பைல் பண்ண வேண்டும். அந்த நண்பர் அப்போது போன் எடுக்கமாட்டார்.

டெபியன் ஸ்டேபிளில், அதாவது நிலையான வெளியீட்டில், பதிப்பு எண் ஏறாது. 12 வெளிவந்தது 2023 ஜூனில், அன்றைக்கு இருந்த 9.2தான் கடைசிவரைக்கும் 9.2. ஓட்டை ஏதும் வந்தால் அதற்கான திருத்தத்தை மட்டும் புதிய பதிப்பிலிருந்து எடுத்துப் பழையதில் சேர்ப்பார்கள், பேக்போர்ட் என்பது இதுதான். ஆகவே பார்க்க வேண்டியது பதிப்பு எண்ணின் வால் பகுதியை. ஆப்ட் பாலிசி என்று அடித்து ஓபன்எஸ்எஸ்எச் சேர்வரின் முழு எண்ணைப் பாருங்கள். 9.2பி1-2+டெப்12யூ3, அல்லது அந்த யூவுக்குப் பிறகு 3ஐவிடப் பெரிய எண் என்றால் இந்த ஓட்டை அடைபட்டாயிற்று. யூ3 வந்தது 2024 ஜூலை 1, ஓட்டையைக் கண்டுபிடித்த குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் விஷயத்தை வெளியே சொன்ன அதே நாள். டெபியனின் பாதுகாப்பு அறிவிப்பு எண் டி.எஸ்.ஏ 5724.

ஓட்டை என்னவென்றால், இணைந்த ஆள் 120 செக்கனுக்குள் லொகின் ஆகாவிட்டால் ஒரு அலாரம் சிக்னல் அடிக்கும், அதைக் கையாளும் இடத்திலிருந்து சிஸ்லொக்கை (லொக் எழுதும் ஃபங்ஷன்) கூப்பிடுகிறது, ஆனால் லினக்ஸில் சிக்னல் நடுவில் சிஸ்லொக்கைக் கூப்பிடுவது பாதுகாப்பில்லை, நேரம் பார்த்து அடித்தால் மெமரி குழம்பி ரூட்டே, அதாவது மெஷினின் முழு அதிகாரமே, கையில் வந்துவிடும். 2006இல் ஒருமுறை திருத்திய அதே பிழை, 2020இல் கோட் மாற்றும்போது திரும்பப் புகுந்து 8.5 முதல் 9.7 வரை இருந்தது. குவாலிஸ் இதை 32 பிட் லினக்ஸில் செய்து காட்டினார்கள், ரூட் கிடைக்க 6 முதல் 8 மணி நேரம் எடுத்ததாம். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்கு இந்தத் தலையிடியே இல்லை. சிக்னலுக்குள் கூப்பிடக்கூடிய ஒரு சிஸ்லொக்கை 2001இலேயே செய்து வைத்துவிட்டார்கள்.

சரி, ஸ்கேனர் ஏன் ஃபெயில் போடுகிறது? அது உள்ளே வந்து பார்ப்பதில்லை, இணையும்போது எஸ்எஸ்எச் சொல்லும் பேனர் வரியை வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது. டெபியனில் அந்த வரியோடு வால் எண்ணும் சேர்ந்து வரும், வந்தால் ஓரளவு நல்ல ஸ்கேனர் விளங்கிக்கொள்ளும். உங்கள் எஸ்எஸ்எச்டி கொன்ஃபிக்கில் ‘டெபியன்பேனர் நோ’ என்று யாராவது போட்டிருக்கிறார்களா பாருங்கள்.

கிண்ணியா நானா

அதெல்லாம் சரி, தம்பி, கெஸ்ட் ஹவுஸ் பில்லிங் மெஷினில் எஸ்எஸ்எச் பாவிக்கிற 22ஆம் போர்ட்டை ஏன் உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறீர்கள்? ரவுட்டரில் அதை மூடுங்கள், வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் போடுங்கள். பிறகு ஸ்கேனருக்கு வாசிக்க ஒரு வரியும் இராது.

அதைவிட முக்கியமாக, விருந்தாளி வைஃபையும் பில்லிங்கும் ஒரே நெட்வேர்க்கிலா? அப்படியென்றால் வெளிப் போர்ட்டை மூடியும் அரைவாசிப் பிரயோசனம்தான், ஊர் பேர் தெரியாத லேப்டொப் எல்லாம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் பிரியுங்கள்.

உப்புவெளிக்காரன்

உவர்மலை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே ‘டெபியன்பேனர் நோ’ இருக்கிறது. முன்பு வேலை செய்தவர் ஏதோ பாதுகாப்புக் கட்டுரையைப் பார்த்துப் போட்டிருக்கிறார், கொமெண்ட்டில் எழுதியும் வைத்திருக்கிறார். வால் எண் யூ3ஐ எப்போதோ தாண்டிவிட்டது.

நானா, வைஃபை ஒரே நெட்வேர்க்தான். ரவுட்டரில் கெஸ்ட் நெட்வேர்க் ஒப்ஷன் இருக்கிறது, பிரிக்கிறேன். இன்னொரு கேள்வி: யூபிஎஸ் இருப்பதால் இந்த மெஷினை மாதக்கணக்காக அணைத்ததே இல்லை. அதனால் பிரச்சினை வருமா?

சல்லி

வரும். பேட்ச் டிஸ்க்கில் இறங்கினால் மட்டும் போதாது. எஸ்எஸ்எச் பெக்கேஜ் அப்கிரேட் ஆகும்போது தன் சேவையைத் தானே ரீஸ்டார்ட் பண்ணிக்கொள்ளும், அதில் கவலை இல்லை. ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் மாதிரி ஒரு லைப்ரரி மாறினால், அதை ஏற்கெனவே மெமரியில் ஏற்றி வைத்திருக்கிற சேவைகள் ரீஸ்டார்ட் ஆகும்வரை பழையதையேதான் பாவிக்கும். நீட்ரீஸ்டார்ட் என்ற பெக்கேஜைப் போட்டால் எவை எவை என்று சொல்லும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு ரீபூட்தான் வழி. யூநேம் கட்டளை காட்டுகிற எண்ணும் கடைசியாக இன்ஸ்டால் ஆன கர்னலும் வேறுவேறு என்றால் பழையதில்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள்.

டேட்டாவுக்கு: ஆப்ட்-டெய்லி டைமர் வழக்கமாகக் காலை 6க்கும் மாலை 6க்கும் வைத்திருக்கும், அதற்கு மேல் 12 மணி நேரம் வரை தற்செயலாகத் தள்ளிப் போடும். அதனால்தான் எப்போது இறங்கும் என்று பிடிபடவில்லை. சிஸ்டம்சிடிஎல் எடிட் போட்டு ஓடும் நேரத்தைக் குறிக்கும் ஆன்கலண்டரை இரவு 2 மணி என்று மாற்றுங்கள், டேட்டா பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் போய்விடும். ஒன்றைக் கவனியுங்கள், புதிய நேரத்துக்கு முன் ‘ஆன்கலண்டர்=’ என்று வெறுமையாக ஒரு வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய நேரமும் சேர்ந்தே ஓடும். ரேண்டமைஸ்டு டிலேயையும் குறைத்துவிடுங்கள். இது இறக்குகிற டைமர், இன்ஸ்டால் பண்ணுவது ஆப்ட்-டெய்லி-அப்கிரேட் என்ற மற்றது, அதை 4 மணிக்கு வைத்தால் போதும். அப்டேட்டைத் தானாகப் போடும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸில் தானாக ரீபூட் ஆகும் நேரத்தையும் குறித்துவிடலாம், ஆனால் பில்லிங் தானாக எழும்புகிறதா என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஒன்றுக்கு மேல் டெபியன் மெஷின் இருந்தால் ஒன்றில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி போடுங்கள். ஒருமுறை இறக்கினது மற்றதெல்லாவற்றுக்கும் போகும்.

உவர்மலை

வங்கிக்கு: பேனரைத் திரும்பப் போட்டு மறுபடி ஸ்கேன் கேளுங்கள். அப்போதும் ஃபெயில் என்றால் ஸ்கேன் பண்ணும் கொம்பனியில் தவறான கண்டுபிடிப்பு என்று மறுப்பு எழுத ஒரு ஃபோர்ம் இருக்கும். அதில் ஆப்ட் பாலிசி வெளியீடு, டி.எஸ்.ஏ 5724 பக்கம், ஆப்ட் சேஞ்ச்லொக்கில் அந்த சி.வி.இ எண் வருகிற வரி, மூன்றையும் ஒட்டி அனுப்புங்கள். நானா சொன்னபடி போர்ட்டை மூடினால் இதுவும் தேவைப்படாது, ஆனாலும் மூடுவதற்கு முன் வயர்கார்ட் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

டெபியன் 12க்கு செக்யூரிட்டி டீமின் ஆதரவு 2026 ஜூன் வரை, அதற்குப் பிறகு எல்டிஎஸ் என்ற நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. அந்த டெஸ்க்டொப் 32 பிட் என்றால் 13க்குக் கொண்டுபோக முடியாது, 13இல் பழைய 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. அதை முதலாளியிடம் சீசன் முடிந்த பிறகு சொல்லுங்கள்.