புதுப்பிப்பு: வளர்ந்த பெண்களில் ஏடிஎச்டி

ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த நிலை) இருக்கு என்று சொல்ல 6 அறிகுறி வேணும் என்று போன பதிவில் எழுதியது பிள்ளைகளுக்கான கணக்கு. 17 வயதிலிருந்து, கவனக்குறைவு அல்லது மிகைத் துடிப்பு-அவசரம் என்ற இரண்டு பிரிவில் ஒன்றில் 5 போதும் (டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க உளநல மருத்துவக் கையேடு, 2013). ஆனால் சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேணும்.

ஆகவே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை உளநலக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் பழைய பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையைத் தேடி எடுங்கள். 'கெட்டிக்காரி, கவனம் போதாது' என்ற ஒரு வரியும் உதவும். அறிக்கை வெள்ளத்தோடு போயிருந்தால் (இங்கே அது புதினமில்லை) உங்கள் சின்ன வயதைப் பற்றிச் சொல்ல அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிப் போங்கள்.

மாதவிடாய்க்கு முந்தின கிழமை ஏடிஎச்டி குளிசை வேலை செய்யுதில்லை என்று கேட்ட கல்முனைத் தங்கச்சிக்கு: பலரும் சொல்வதுதான். அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் இறங்கும். கவனத்துக்கு உதவும் டோபமின் என்ற இரசாயனம் மூளையில் வேலை செய்வதில் ஈஸ்ட்ரோஜனுக்கும் பங்குண்டு. நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம். மூன்று மாதம் கலண்டரில் குறியுங்கள்: மாதவிடாய் நாள், நித்திரை எத்தனை மணித்தியாலம், அன்று என்ன தவறியது. அடுப்பில் கருகிய பருப்பு, மோட்டரை நிப்பாட்ட மறந்து வழிந்த தண்ணீர்த் தாங்கி, எல்லாம். "மறதி கூட" என்று மட்டும் சொன்னால் டொக்டருக்கு ஒன்றும் பிடிபடாது.

தைரொயிட், ஈமோகுளோபின் பரிசோதனையும் கேளுங்கள். இரத்தச்சோகையிலும் கவனம் இப்படித்தான் சிதறும்.