விபிஎன் போட்டால் வீட்டு பிரிண்டர் 'ஆஃப்லைன்' ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

கோவைக்காரன்:
வணக்கம். கணக்குப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. மாதக் கடைசியில் வவுச்சர்களைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். வீட்டில் இருப்பது வைஃபை உள்ள இங்க் டேங்க் பிரிண்டர். போனிலிருந்து அடிக்கிறது, மனைவியின் லேப்டாப்பிலிருந்தும் அடிக்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் பாதுகாப்பான இணைப்பு) கனெக்ட் ஆன மறுநிமிடம் 'ஆஃப்லைன்'. கரண்ட் போய் வந்தால் விபிஎன் இல்லாமலே இதே கதைதான். டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) மறுபடி போடலாம் என்றால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது.

ராஜி_நெட்வொர்க்:
பிரிண்டரில் பழுது இல்லை சார். ஒரு சோதனை செய்து பாருங்கள். பிரிண்டரின் ஐபி எண்ணை (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி, பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்) கமாண்ட் பிராம்ப்டில் (விண்டோஸின் கட்டளைத் திரை) பிங் செய்யுங்கள், அதாவது ping என்று அடித்து அந்த எண்ணைக் கொடுத்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். விபிஎன் இல்லாதபோது பதில் வந்து, போட்டதும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' வந்தால் காரணம் உறுதி. லேப்டாப்பிலிருந்து கிளம்பும் எல்லாமே ஆபீஸ் சர்வருக்குப் போகிறது, பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டருக்கு வழி அடைபடுகிறது. சில விபிஎன் மென்பொருள்களில் 'லோக்கல் லேன் அக்சஸ்' (வீட்டு நெட்வொர்க்கை அணுக அனுமதி) என்று ஒரு டிக் இருக்கும். ஆனால் ஆபீஸ் பக்கம் அனுமதித்திருந்தால்தான் அது வேலை செய்யும். ஐடி டீமிடம் டிக்கெட் போட்டுக் கேளுங்கள்.

மறுத்தால் யூஎஸ்பி கேபிள் போதும். அது நெட்வொர்க் வழியே போவதே இல்லை.

மதுரை_மணி:
எதுக்கு இவ்வளவு அண்ணா? பிடிஎஃப்-ஐ உங்க ஜிமெயிலுக்கு அனுப்பி போன்ல இருந்து அடிச்சிடுங்க. நாங்க அப்படித்தான்.

ராஜி_நெட்வொர்க்:
தயவுசெய்து வேண்டாம் தம்பி. வவுச்சரில் பான் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். சொந்த மெயிலுக்குப் போன கோப்பு ஆபீஸின் கையை விட்டுப் போனதுதான். வேலைக்கே வேட்டு வைக்கலாம். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. விபிஎன்னில் இருக்கும்போதே பிரிண்ட் கொடுத்தால் அது வரிசையில் காத்திருக்கும். பிறகு விபிஎன்னைத் துண்டித்தால் பெரும்பாலும் தானாகவே அடித்துவிடும். அவசரத்துக்கு அது மேல்.

அட்மின் பாஸ்வேர்டு கேட்பது உங்கள் ஆபீஸின் பிடிவாதம் மட்டுமல்ல. 2021 ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலர் (பிரிண்ட் வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி) வழியாக, தூரத்திலிருந்தே கணினியைக் கைப்பற்ற முடிந்தது. அடுத்த மாத அப்டேட்டிலேயே பிரிண்டர் டிரைவர் போடும் விதியை மைக்ரோசாஃப்ட் இறுக்கிவிட்டது. ஐடி ஆட்கள் ரிமோட்டில் வந்து போட்டுத் தருவார்கள்.

கரண்ட் விஷயம் வேறு. ரவுட்டர் மறுபடி எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி கொடுத்துவிடுகிறது, லேப்டாப் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கிறது. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' போய், பிரிண்டரின் மேக் எண்ணுக்கு (கருவிக்கே உரிய அடையாள எண்) ஒரே ஐபியைக் கட்டிவிடுங்கள். பிறகு விண்டோஸில் அந்த ஐபியைக் கொடுத்தே பிரிண்டரைச் சேருங்கள்.

கோவைக்காரன்:
மிக்க நன்றி மேடம். பிங் நீங்கள் சொன்னபடியேதான் வந்தது. லேன் அக்சஸ் தர முடியாது என்றுவிட்டார்கள், யூஎஸ்பிக்குச் சரி என்றார்கள். டிரைவரும் போட்டுக் கொடுத்தார்கள். விபிஎன் ஓடும்போதே அடிக்கிறது! ரிசர்வேஷனும் போட்டாயிற்று. இன்னொன்று: மாதம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு அடிக்கும்போது நீல நிறத்தில் கோடு கோடாக விடுகிறது.

சிவகாசி_பிரஸ்:
நாசிலில் (மை வரும் நுண்துளை) மை காய்ந்திருக்கும். வாரம் ஒரு கலர் பக்கம் அடியுங்கள். நிறுத்தும்போது சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள், பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி நிறுத்துங்கள். அப்போதுதான் மை தெளிக்கும் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். ஹெட் கிளீனிங்கை அடுத்தடுத்து ஓட்ட வேண்டாம். அதில் போகும் மையெல்லாம் உள்ளே இருக்கும், மையை உறிஞ்சும் பேடில்தான் சேரும், அது நிறைந்தால் பிரிண்டரே நின்றுவிடும்.

ராஜி_நெட்வொர்க்:
கேபிள் வாங்கும்போது 5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம் சார், நடுவில் விட்டு விட்டுப் போகும். தப்பாக அடித்த வவுச்சரைக் கிழிக்காமல் குப்பையில் போடாதீர்கள்.