ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டிருந்தால் என்ன? வெளிப்படுத்தின விசேஷம் பற்றி ஒரு வாக்குவாதம்

வடக்குவாசல்:
கி.பி. 112 வாக்கில் சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) பித்தினியாவில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, கிறிஸ்தவர்களை எப்படி விசாரிக்கிறேன் என்று பேரரசன் டிராஜனுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. "நீ கிறிஸ்தவனா?" என்று மூன்று முறை கேட்பார். ஆமாம் என்றே நின்றால் மரணம். இல்லை என்றால் தேவர்களைக் கூப்பிட்டு, பேரரசன் சிலைக்கு முன்னால் கொஞ்சம் சாம்பிராணியும் திராட்சரசமும் படைத்து, கிறிஸ்துவைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். டிராஜனின் பதிலும் இருக்கிறது. தேடிப் பிடிக்காதே, மொட்டைக் கடுதாசியை ஏற்காதே, மறுதலித்தவனை மன்னித்துவிடு.

இப்போது பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானுக்கு வாருங்கள். அதே சின்ன ஆசியாவுக்கு அதற்குச் சில வருஷம் முன்னால், பேரரசன் டொமிஷியன் காலத்தில் எழுதியதாகத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். 14-ஆம் அதிகாரத்தில் மிருகத்தை (ரோமப் பேரரசுக்கு அவர் வைத்த உருவகம்) வணங்கினவனுக்கு இரவும் பகலும் இளைப்பாறுதல் இல்லை, அக்கினியும் கந்தகமும்தான். 21:8-ல் நரகத்துக்குப் போகிறவர்களின் வரிசையில் கொலைகாரனுக்கும் முன்னால் நிற்பவன் பயந்தவன்! கைக்குழந்தையோடு நிற்கும் ஒருத்தி பயந்தால் அது கொலையைவிட முந்திய பாவமா? டொமிஷியன் பேரரசு முழுக்கக் கிறிஸ்தவர்களை வேட்டையாடினான் என்பதற்கு உறுதியான ஆதாரமும் கிடையாது. இல்லாத புலியைக் காட்டி மந்தையை மலையுச்சிக்கு விரட்டியவர் யோவான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

சிமிர்னாக்காரன்:
வந்துவிட்டேன் பிரதர். முதலில், பிளினி கேட்டது சாம்பிராணி மட்டும் இல்லை. கிறிஸ்துவைச் சபிக்கச் சொன்னதை நீங்களே எழுதிவிட்டு, தலைப்பில் சாம்பிராணியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். உண்மையான கிறிஸ்தவனை இதில் எதையும் செய்ய வைக்க முடியாதாம் என்று பிளினியே எழுதுகிறார். அந்த வேறுபாடு ஆளுநருக்குப் புரிந்திருக்கிறது.

இரண்டாவது, வேட்டை ரோமிலிருந்து வரவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? கி.பி. 26-ல் பேரரசன் திபேரியுவுக்குக் கோயில் கட்டும் உரிமைக்காக ஆசியாவின் 11 நகரங்கள் அடித்துக்கொண்டன. ஜெயித்தது சிமிர்னா. பெர்கமுவில் அகுஸ்துவுக்கு கி.மு. 29-லேயே அனுமதி. எபேசுவில் டொமிஷியன் குடும்பத்துக்கான கோயில் கி.பி. 89, 90 வாக்கில். அதாவது பேரரசன் கேட்காமலே உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் போட்டி போட்டுச் செய்தது. அப்படிப்பட்ட ஊரில் திருவிழா அன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தவன் கதி என்ன? ஆணை எதற்கு, பக்கத்து வீட்டுக்காரன் போதும்.

யோவானும் பெரிய கணக்குக் காட்டவில்லை. புத்தகத்தின் தொடக்கத்தில் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் பெயர் சொல்லி அவர் குறிப்பிடும் இரத்தசாட்சி (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்) ஒரே ஒருவர், பெர்கமுவின் அந்திப்பா. சிமிர்னாவுக்கு அவர் சொன்னதும் "சிலரைக் காவலில் போடுவான்" என்றுதான்.

வடக்குவாசல்:
சரி, பக்கத்து வீட்டுக்காரனையே எடுத்துக்கொள்வோம். அந்த ஏழில் ஒன்றான தியத்தீரா ஊர் முழுக்கக் கைத்தொழில் சங்கங்கள். சாயத்தொழிலாளர், செம்புக் கொல்லர், தோல் வேலைக்காரர், ரொட்டி சுடுவோர் என்று கல்வெட்டே இருக்கிறது. அப்போஸ்தலன் பவுலிடம் வந்த லீதியாள் அந்த ஊர்க்காரிதான், இரத்தாம்பர (ஊதாத் துணி) வியாபாரி. சங்கத்தில் சேர்ந்தால் சங்க விருந்து, விருந்தென்றால் தேவனுக்குப் படைத்த இறைச்சி. சாப்பிடாவிட்டால் பிழைப்பு போச்சு. அந்தச் சபையில் ஒரு பெண் போதகி "சாப்பிடலாம்" என்றாள். பவுலும் 1 கொரிந்தியர் 8-ல், விக்கிரகம் ஒன்றுமில்லை, பலவீனன் இடறாமல் பார்த்துக்கொள் என்கிறார், அவ்வளவுதான்.

யோவான் அவளுக்குப் பழைய ஏற்பாட்டுப் பொல்லாத ராணி யேசபேலின் பெயரைப் பட்டப்பெயராக வைத்து, அவள் பிள்ளைகளைக் கொல்லுவேன் என்று ஆண்டவர் வாயில் போடுகிறார். ஏழைச் சாயக்காரனுக்கு வழி காட்டியவளுக்கு இதுதான் கூலியா?

சிமிர்னாக்காரன்:
பவுலை 8-ஆம் அதிகாரத்தோடு மூடிவைத்தால் எப்படி? 10-ஆம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியிலும் பேய்களுடைய பந்தியிலும் ஒரே ஆள் பங்கெடுக்க முடியாது என்கிறார். கடையில் விற்கிற கறி வேறு, கோயில் பந்தியில் உட்காருவது வேறு. அந்தப் பெண்ணுக்கும் மனந்திரும்பத் தவணை கொடுத்தேன் என்று 2:21-லேயே இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள்.

ஞாயிறுப்பள்ளி டீச்சர்:
நீங்கள் இரண்டு பேரும் இந்தப் புத்தகம் உபத்திரவப்பட்டவர்களுக்கு மட்டும் எழுதியது என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். ஏழு சபைகளையும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். குற்றம் சொல்லப்படாதவை இரண்டே இரண்டு, சிமிர்னாவும் பிலதெல்பியாவும். அடி வாங்கியவர்கள். மிச்சத்தில் சர்தை பெயருக்குத்தான் உயிரோடிருக்கிறது, லவோதிக்கேயா "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. லவோதிக்கேயாவை யாரும் துன்பப்படுத்தவில்லை. துன்பப்படுத்தக் காரணமே இல்லை என்பதுதான் அங்கே சிக்கல்.

18-ஆம் அதிகாரத்தில் பாபிலோன் (ரோமுக்கு யோவான் வைத்த பெயர்) விழும்போது யார் அழுகிறார்கள்? ராஜாக்கள், வர்த்தகர்கள், மாலுமிகள். வர்த்தகர்கள் ஏன் அழுகிறார்கள்? சரக்கை வாங்க ஆளில்லை. அந்தச் சரக்குப் பட்டியல் பொன்னில் ஆரம்பித்து முத்து, பட்டு, தந்தம், கோதுமை, மாடு, குதிரை என்று இறங்கி, கடைசியில் அடிமைகளிலும் மனுஷருடைய ஆத்துமாக்களிலும் முடிகிறது. மனுஷனை மாட்டுக்குப் பின்னால் எழுதுகிற கணக்குப் புத்தகம் அது. வடக்குவாசல் தம்பி, உங்கள் ஏழைச் சாயக்காரன் சாயம் போட்ட துணி எந்தக் கப்பலில் போனது? யோவானுக்குச் சாம்பிராணி மேல் கோபமில்லை. அந்தக் கப்பலுக்குச் சாமி கும்பிடச் சொன்னதில்தான் கோபம். எங்கள் சபையில் இதை யாரும் பிரசங்கிக்க மாட்டார்கள், காணிக்கை குறைந்துவிடும்!

கடைசிமணி:
சகோதர சகோதரிகளே, மிருகத்தின் எண்ணான 666 என்பது உடம்பில் வைக்கப்போகும் சிப். அது இல்லாமல் வாங்கவும் விற்கவும் முடியாது என்று 13:17-ல் தெளிவாக உள்ளது. விழித்திருங்கள்.

நெறியாளர்:
இதற்கு ஏற்கெனவே நாலு இழை இருக்கிறது, அங்கே போங்கள். நீரோ ராயன் (பேரரசன் நீரோ சீசர்) என்ற பெயரை எபிரெய எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண்ணைக் கூட்டினால் 666 வரும். சில பழைய பிரதிகளில் 616 என்றும் உண்டு. அதுவும் அங்கே பேசி முடித்த விஷயம்தான்.

கணக்கர்:
நான் விசுவாசி இல்லை, வரலாறு வாசிப்பவன். எனக்கு உறுத்துவது பயந்தவன் கதி இல்லை, பழிவாங்கும் வெறி. 6-ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் "எதுவரைக்கும்" என்று கூப்பிட்டுப் பழி கேட்கிறார்கள். 14-ல் இரத்தம் குதிரைக் கடிவாளம் உயரத்துக்கு ஓடுகிறது. இந்த நம்பிக்கை கையில் ஆயுதம் உள்ளவனிடம் போனால் என்ன ஆகும்? ஜெர்மனியில் மூன்ஸ்டர் நகரத்தை 1534-ல் அனபாப்டிஸ்டுகள் (வயது வந்தபின்தான் ஞானஸ்நானம் என்ற பிரிவினர்) பிடித்தார்கள். அவர்களும் அதற்குமுன் வேட்டையாடப்பட்டவர்கள்தான். லேய்டன் ஊர் யான் தன்னைப் புதிய எருசலேமின் ராஜா என்று அறிவித்தான், எதிர்த்தவர் தலை உருண்டது, பல மனைவிகளும் கட்டிக்கொண்டான். 1535 ஜூனில் நகரம் விழுந்தது. அவனையும் இன்னும் இருவரையும் கொன்று சடலங்களைப் போட்டுத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகளை லம்பேர்த்தி கோயில் கோபுரத்தில் இப்போதும் பார்க்கலாம்.

சிமிர்னாக்காரன்:
மூன்ஸ்டர்காரர்கள் புத்தகம் தடுத்ததையே செய்தார்கள். பட்டயத்தால் கொல்லுகிறவன் பட்டயத்தால் சாவான், பரிசுத்தவான்களின் பொறுமை இதில்தான் விளங்கும் என்பது 13:10. 5-ஆம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சொல்லக் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. 19-ல் வெள்ளைக் குதிரையில் வருகிறவரின் பட்டயம் வாயிலிருந்து புறப்படுகிறது. அவர் உடுப்பில் இரத்தம் போர் தொடங்குமுன்னே தோய்ந்திருக்கிறது, அது யாருடைய இரத்தம் என்று யோசியுங்கள். பழி கேட்ட ஆத்துமாக்களுக்குக் கிடைத்தது கத்தியா? வெள்ளை அங்கியும், இன்னும் கொஞ்சக்காலம் பொறுங்கள் என்ற பதிலும்தான். நீதிமன்றம் இருக்கிறது என்று நம்புகிறவன்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

கணக்கர்:
18:6-ஐயும் வாசியுங்கள் ஐயா. பாபிலோன் செய்ததற்கு இரட்டிப்பாக அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று இருக்கிறது. 11-ல் இரண்டு சாட்சிகளின் வாயிலிருந்து அக்கினி புறப்பட்டுச் சத்துருக்களை எரிக்கிறது. வேண்டியதை எடுத்து வேண்டாததை விட்டால் அந்த லேய்டன் யான் செய்ததற்கும் நீங்கள் செய்வதற்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அப்புறம் அந்தக் "கொஞ்சக்காலம்" 1900 வருஷம் ஆகிவிட்டது.

பழைய ஏடு:
வரலாற்று ஆட்கள் இருப்பதால் சொல்கிறேன். வடக்குவாசல் கேட்ட கேள்வியை சிமிர்னா ஊர்ச் சாலையிலேயே ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் சிமிர்னாவின் ஆயர் பொலிகார்ப்பைப் பிடித்த செய்தியை அந்தச் சபையே கடிதமாக எழுதியது. கிழவர் முதலில் பண்ணைவீட்டில் ஒளிந்திருந்தார். காவலர்கள் வந்ததும் அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு இரண்டு மணி நேரம் நின்றார். நகரக் காவல் தலைவன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, "இராயனே ஆண்டவன் என்று சொல்லிச் சாம்பிராணி போட்டுத் தப்பித்துக்கொள்வதில் என்ன கெட்டுப்போகும்?" என்று நயமாகப் பேசினான். கிழவர் மறுத்தார். உடனே வண்டியிலிருந்து தள்ளிவிட்டதில் முழங்காலுக்குக் கீழே சிராய்த்துவிட்டது. நயமாகப் பேசியதன் ஆயுள் அவ்வளவுதான். எண்பத்தாறு வருஷம் சேவித்த ராஜாவை எப்படித் தூஷிப்பேன் என்று அரங்கத்தில் சொன்னது அதற்கப்புறம்.

அதே கடிதத்தில் குயின்து என்று ஒருவன் வருகிறான். தானாகப் போய்ப் பிடிகொடுத்தவன். மிருகங்களைக் கண்டதும் நடுங்கிப்போய்ப் பலியிட்டான். தாமே முன்வந்து மாட்டிக்கொள்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்று சபை எழுதுகிறது. அவனைத் திட்டித் தீர்க்கவும் இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடிதத்தைப் பெற்ற ஊர், இரண்டு தலைமுறை கழித்து அதை இப்படித்தான் வாழ்ந்து பார்த்தது.

250-ல் பேரரசன் டேசியஸ் எல்லோரும் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கச் சொன்னபோது ஆயிரக்கணக்கில் மறுதலித்து விழுந்தார்கள். எகிப்து மணலில் அந்தச் சான்றிதழ்ப் பப்பிரசுத் தாள்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. "பலியிட்டேன், படைத்தேன், ருசித்தேன்" என்று சாட்சிக் கையெழுத்தோடு. பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களும் உண்டு. கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் ஒளிந்துகொண்டார், பிறகு விழுந்தவர்களைத் தவத்துக்குப்பின் சேர்த்துக்கொள்ள வழி செய்தார், 258-ல் தானே தலை கொடுத்தார்.

வடக்குவாசல்:
நான் சொன்னதற்கு நீங்களே சாட்சி கொடுக்கிறீர்கள் ஐயா! சபை இரக்கம் காட்டியது, புத்தகம் காட்டவில்லை. ஜப்பானை எடுங்கள். பதினேழாம் நூற்றாண்டிலிருந்து நாகசாகிப் பகுதியில் கிறிஸ்துவின் படத்தை மிதித்துக் காட்டச் சொன்னார்கள். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் மிதித்தார்கள், வீட்டுக்கு வந்து மனஸ்தாப மந்திரம் (பாவத்துக்கு வருந்தும் ஜெபம்) சொன்னார்கள். குருவே இல்லாமல் இருநூறு வருஷத்துக்கு மேல். 1865 மார்ச்சில் உரக்காமி ஊர்க்காரர்கள் நாகசாகியின் ஊரா ஆலயத்துக்கு வந்து பிரெஞ்சுக் குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள்! 14-ஆம் அதிகாரத்தை அப்படியே எடுத்தால் அந்த விசுவாசம் பிழைத்தே இருக்காது.

ஞாயிறுப்பள்ளி டீச்சர்:
மிதித்தது ஒன்றுமில்லை என்று அவர்கள் நினைத்திருந்தால் மனஸ்தாப மந்திரம் எதற்குத் தம்பி? ஒன்றுமில்லை என்று தியத்தீராப் பெண் சொன்னாள். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. தங்களைப் பிழைக்கவைத்த செயலையே பாவம் என்று வருஷா வருஷம் அறிக்கையிட்டார்கள். கோடு அழியாமல் இருந்ததால்தான் திரும்பி வர இடம் இருந்தது. பேதுரு மூன்று தரம் மறுதலித்தார், அவர் சபைக்குத் தூண் ஆகவில்லையா? யோவான் எழுதியது விழுந்தவனுக்கு இல்லை, நாளைக்கு விழப்போகிறவனுக்கு. அப்போது பேசுகிற குரல் கடுமையாகத்தான் இருக்கும்.

கணக்கர்:
கோடு போட்டவர் தீவில் இருந்தார். விலை கொடுத்தது யார்? பிளினி சித்திரவதை செய்து விசாரித்தது இரண்டு அடிமைப் பெண்களை. 177-ல் பிரான்சின் லியோனில் கடைசிவரை வதைபட்டவள் பிளாந்தினா, அவளும் அடிமை.

சிமிர்னாக்காரன்:
யோவான் பத்மு தீவுக்குச் சுற்றுலா போகவில்லை. தேவவசனத்தினிமித்தம் அங்கே இருந்தேன், உபத்திரவத்தில் உங்கள் உடன்பங்காளன் என்று 1:9-ல் எழுதுகிறார். பிளாந்தினாவைப் பற்றி அந்தச் சபைக் கடிதம் என்ன சொல்கிறது தெரியுமா? இவள் உடம்பு தாங்காது, அறிக்கை செய்ய மாட்டாள் என்று பயந்தவள் அவளுடைய எஜமானி. கம்பத்தில் கட்டப்பட்டு அவள் தொங்கியதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. மாட்டுக்குப் பின்னால் எழுதப்பட்டவள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள் என்று டீச்சர் பாணியில் சொல்லலாம். யாரும் அவளைத் தள்ளிவிட்டு அனுப்பவில்லை. எங்கள் தேவன் தப்புவிப்பார், "விடுவிக்காமற்போனாலும்" சிலையைப் பணிய மாட்டோம் என்று தானியேல் புத்தகத்தின் மூன்று வாலிபர் சொன்ன அதே வகை முடிவு அவளுடையது.

வடக்குவாசல்:
அவளே முடிவெடுத்தாள் என்றால் எனக்குச் சண்டையில்லை. அவள் எடுத்த முடிவை வைத்து, இன்றைக்கு ஏசி போட்ட கன்வென்ஷன் பந்தலில் உட்கார்ந்து, எங்கோ பயந்துபோன இன்னொருத்தியை அக்கினிக் கடலுக்கு அனுப்புகிறோமே, அதில்தான் சண்டை. சிறையில் இருப்பவன் 14-ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். நமக்கெல்லாம் லவோதிக்கேயா போதும்.

சிமிர்னாக்காரன்:
அப்படிப் பிரித்துக் கொடுக்க யோவான் விடவில்லை பிரதர். ஏழு தனித் தபால் அனுப்பவில்லை, ஒரே புத்தகமாக எழுதி ஏழு சபைக்கும் அனுப்பு என்பது 1:11. ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். சிமிர்னாக்காரன் காவலுக்குப் போகப்போகிறான் என்பதை லவோதிக்கேயா வியாபாரி உட்கார்ந்து கேட்டாக வேண்டும். லவோதிக்கேயா வாந்தியாகத் துப்பப்படும் என்பதைச் சிமிர்னாவும் கேட்கும். தரித்திரன் என்று ஊர் சொன்ன அந்தச் சபையை "நீ ஐசுவரியமுள்ளவன்" என்று ஆண்டவர் சொன்னதை, பணக்கார ஊர் முழுக்கக் கேட்க வாசிக்க வைத்தார். 14-ஐ மட்டும் நான் ஏன் கிழித்து வைக்க வேண்டும்?

வடக்குவாசல்:
கிழிக்கச் சொல்லவில்லை. வாசிக்கிறவர் யார் என்று கேட்கிறேன். நாளைக்கு 20-ஆம் அதிகாரம், ஆயிர வருஷ அரசாட்சிக்குத் தனி இழை திறக்கிறேன். கணக்கரும் வாருங்கள், அந்த 1900 வருஷக் கணக்கை அங்கே வைத்துக்கொள்வோம்.