தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கன்வகேஷன் (பட்டம் பெற்றவர்கள் உள்ளிட்டோரின் அவை), கவுன்சில் (ஆட்சிக் குழு) தேர்தலில் உங்களுக்கு என்ன நடந்தது?

சாட்ஸ்வொர்த் அக்கா:
கன்வகேஷன் தலைவர் தேர்தல், இணையவழிக் கூட்டம். வேட்பாளர்கள் பேசி முடித்து, பெயர்ப் பட்டியல் திரையில் வந்தது. நான் தொடுவதற்குள் லோட்ஷெடிங். அட்டவணையில் எங்கள் ஏரியாவுக்கு எட்டு மணி, ஏழே முக்காலுக்கே கரண்ட் போய்விட்டது. போன் டேட்டாவில் திரும்ப நுழைந்தால் ஜெயித்தவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்! எழுதிக் கேட்டேன். கோரம் (கூட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை) இருந்தது, தேர்தல் செல்லும் என்று ஒரே வரியில் பதில்.

முன்னாள் ஆபீஸ்காரன்:
அக்கா, கரண்ட் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? காகிதச் சீட்டு மட்டும் ஒழுங்கா? கவுன்சிலில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கான இடத்துக்குத் தேர்தல், நான் எண்ணும் மேசையில். ஒரு சீட்டில் பெருக்கல் குறி இல்லை, வேட்பாளர் பெயரையே எழுதிக் கீழே கோடு போட்டிருந்தது. யாருக்கு ஓட்டு என்பதில் சந்தேகமே கிடையாது. ஆனாலும் விதிப்படி செல்லாது. அந்த வேட்பாளர் பக்கத்தில்தான் நின்றார். சீட்டைப் பார்த்து லேசாகச் சிரித்தார், கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது போல. ஒரே ஓட்டில் தோற்றார். எழுதியது யார் என்று கேட்டால் இன்றும் சொல்வதில்லை.

ஃபீனிக்ஸ் டீச்சர்:
எனக்கு ஓட்டுச்சீட்டே வரவில்லை, பட்டியலில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர். சரி, அதை விடுங்கள். 1997-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தை முதலில் படியுங்கள். கவுன்சிலில் குறைந்தது 60 சதவீதம் பேர் அந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்பவர்களாகவோ படிப்பவர்களாகவோ இருக்கக் கூடாது. அமைச்சர் ஐந்து பேர் வரை நியமிக்கலாம். செனட் (கல்வி விவகாரங்களைப் பார்க்கும் குழு) தன் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும், மாணவர் பிரதிநிதிகளை எஸ்.ஆர்.சி. (மாணவர் பேரவை) தேர்ந்தெடுக்கும். கன்வகேஷனுக்கு எத்தனை இடம் என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்டாட்யூட்டில் (பல்கலைக்கழகத்தின் சொந்த விதித்தொகுப்பில்) இருக்கும். அதைப் பார்க்காமல் குறை சொல்வதில் பயனில்லை. அப்புறம், பட்டியலில் பெயர், மின்னஞ்சல் இரண்டையும் இப்போதே சரிபாருங்கள். வேட்புமனுவுக்கு முன்மொழிபவர், வழிமொழிபவர் கையெழுத்தைக் கடைசி நாள்வரை தள்ளிப்போடாதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரையும் அதில் மாட்டுங்கள்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
டீச்சர், என் பெயரும் சரி, மின்னஞ்சலும் சரி. இன்வெர்ட்டர் விலை கேட்டீர்களா? ஆபீஸ்காரத் தம்பி, கரண்டை நான் குறை சொல்லவில்லை. ஓட்டுப்போடப் பத்து நிமிஷம் கூடக் கொடுக்காததைத்தான் கேட்கிறேன்.

முன்னாள் ஆபீஸ்காரன்:
அது நியாயம் அக்கா. எங்களுக்கு ஒரு முழு நாள் கொடுத்தார்கள்.