புதுப்பிப்பு: எங்கள் பிள்ளைகளின் குறும்படம் முடிந்தது

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு செல்போனில் எடுக்கும் குறும்படத்தில் இரண்டு சிக்கல்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வகுப்பறைக் காட்சிகளில் கறுப்புப் பட்டைகள் ஓடின. மைதானத்தில் பேசியது காற்றிரைச்சலில் கேட்கவே இல்லை. இரண்டும் தீர்ந்தன. படமும் முடிந்துவிட்டது, 9 நிமிடம்.

பட்டைக்குக் காரணம் டியூப்லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. கேமரா செயலியில் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் (படமும்) பதிவாகும் நேரத்தை, 1/50 நொடி என்று நிறுத்தி, நொடிக்கு 25 ஃபிரேம் வைத்ததும் பட்டை போய்விட்டது. வழி சொன்னவர்களுக்கு நன்றி.

ஒலிக்கு மைக் வாங்கவில்லை. இன்னொரு போனில் வயர் இயர்போனைச் செருகி, அதன் மைக்கில் பஞ்சு சுற்றி, நடிப்பவரின் காலருக்குள் மறைத்துத் தனியாகப் பதிந்தோம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒரு மாணவி கைதட்டுவாள். எடிட்டிங்கில் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் படத்தையும் ஒலியையும் பொருத்தினோம். கடைசி நாள்வரை அந்த வேலையை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை!

அப்புறம், நடிப்பு. வசனத்தை எழுதிக் கொடுத்தபோது எல்லாரும் மனப்பாடச் செய்யுள் போல ஒப்பித்தார்கள். தாளை வாங்கி வைத்துவிட்டு, "சைக்கிள் தொலைஞ்சுபோச்சு. வீட்ல எப்படிப்பா சொல்லுவே?" என்று மட்டும் கேட்டேன். அந்தப் பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, "அம்மாகிட்ட மொதல்ல சொல்ல மாட்டேன் சார், பாட்டிகிட்டதான்" என்றான். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அதை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

செலவு 1,140 ரூபாய்: மெமரி கார்டு, மீதி டீயும் பன்னும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோருக்குப் போட்டுக் காட்டுகிறோம், வெள்ளை வேட்டிதான் திரை.