ஹெட்லைட்டைப் பிரிச்சு உள்ளே பெயின்ட் அடிச்சவங்க இருக்கீங்களா? உங்களுக்கு என்ன ஆச்சு?

வாய்க்கால்மேடு, கோபி

ரெண்டு வருசம் ஆகியும் அந்த ஒரு ராத்திரி மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதறேன். பழைய ஸ்விஃப்ட். ஹெட்லைட்டுக்குள்ள பல்பைச் சுத்தி அழகுக்கு இருக்கற குரோம் பூசின சட்டம், பெசல்னு சொல்வாங்கல்ல, அதைக் கருப்பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. பிரிக்கறது, ஒட்டறது எல்லாம் உங்களுக்கே தெரியும். பெசலுக்கு மேட் பிளாக் அடிச்சேன், அருமையா வந்துச்சு. அதோட நிறுத்தியிருக்கணும். வண்டிய எனக்கு வித்தவர் 100/90 வாட் பல்பு போட்டு ஓட்டியிருந்தார். அந்தச் சூட்டுல ரிஃப்ளெக்டர், அதான் பல்பு வெளிச்சத்தை ரோட்டுக்குத் திருப்பி விடற பளபளப்பான கிண்ணம், அதோட மேல்பக்கம் ஒரு இடம் மங்கிக் கெடந்துச்சு. மிச்சம் இருக்கற நேரத்துல இதையும் சரி பண்ணிருவோம்னு குரோம் ஸ்ப்ரே டப்பா ஒண்ணு வாங்கி ரிஃப்ளெக்டர் முழுக்க அடிச்சுட்டேன். பகல்ல பாத்தா பளபளன்னு இருந்துச்சு. ஷெட்டுச் சுவத்துக்கு நேரா போட்டுப் பாத்தேன், வெளிச்சம் வந்துச்சு. சுவர் ஆறடி தூரத்துல இருந்தது அப்ப எனக்கு உறைக்கல.

மறுநாள் ஒறம்பரை வீட்டு விசேசத்துக்குப் போயிட்டு ராத்திரி பத்தரை மணிக்கு வர்றேன், சொதசொதன்னு தூறல். தடப்பள்ளி வாய்க்கால் கரையில இருந்து எங்க தோட்டத்துக்குத் திரும்பற எடம், கண்ணை மூடிட்டே ஓட்டுவேன். அப்பா எனக்காகக் கேட்டைத் தொறந்து விட்டுட்டு வழியில வந்து நின்னிருக்கார். வெள்ளை வேட்டி, வெள்ளை பனியன். அந்த வெள்ளையே எனக்குத் தெரியல. பானட்டு மேல ஒரு கை வந்து வெச்சப்பதான் பிரேக்கை மிதிச்சேன். கண்ணாடியை இறக்கினா, அப்பா மெதுவா கேட்டார்: "ஏன் கண்ணு, லைட்டைப் போடாமயா வந்தே?"

லைட்டு எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு.

பின்னல்துணி, திருப்பூர்

அண்ணா, அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும். ஆனா பிரிக்கறது எல்லாருக்கும் தெரியும்னு சொல்லீட்டுப் போயிட்டீங்க. கண்ணாடியை ஒட்டியிருக்கற பசை சூட்டுல இளகினாத்தான் லைட்டு பிரியும், எங்க கதை அங்கயே முடிஞ்சுருச்சு.

பங்காளி ஒருத்தன் பனியனுக்குப் பிரிண்டிங் போடற யூனிட் வெச்சிருக்கான். இங்க் காயறதுக்கு ஒரு கியூரிங் மிஷின் இருக்கும், பெல்ட்டு மேல துணி ஓடி வரும். வீட்டு ஓவன் எதுக்கு, இதுல வெச்சா ரெண்டு லைட்டையும் ஒண்ணா முடிச்சுரலாம்னு அவன் சொன்னான், நானும் தலையாட்டினேன். வீடியோவுல 230ன்னு சொன்னாங்க. எங்க மிஷின் எப்பவும் 160ல ஓடும். கம்மியாத்தானே இருக்குதுன்னு தைரியம். அந்த 230 ஃபாரன்ஹீட் கணக்கு. நம்ம கணக்குக்கு அது 110தான்.

பெல்ட்டு அந்தப் பக்கம் வந்தப்ப லைட்டு அப்படியே முழுசா இருந்துச்சு. சந்தோசமா கையுறை போட்டுத் தூக்கினேன். தூக்கின எடத்துல என்ற நாலு விரலும் அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடிக்குள்ள பதிஞ்சு போச்சு, பணியார மாவுல விரலை வெச்ச மாதிரி. எடுத்த பொறகும் அந்தக் குழி அப்படியே நின்னுச்சு. பெல்ட்டு நிக்காம ஓடுது, அடுத்த லைட்டும் வந்துட்டே இருக்குது, ஸ்விட்சு எங்கன்னு எனக்குத் தெரியல.

வடவள்ளி அடுப்படி

நான் வீட்டுல கேக் செஞ்சு குடுக்கறேனுங்க. என்ற கேக் ஓவன்லதான் எங்க வீட்டுக்காரர் இதைப் பண்ணினார். 100 டிகிரி, பத்து நிமிசம், மரப்பலகை மேல வெச்சு, கம்பி எதுவும் படாம. நாந்தான் பக்கத்துல நின்னு நேரம் பாத்தேன்.

ஸ்க்ரூ டிரைவரைச் சந்துல விட்டு அவர் நெம்பினதும் கண்ணாடி கொஞ்சங் கொஞ்சமா பிரிஞ்சு வந்துச்சு. நடுவுல அந்தக் கருப்புப் பசை இழை இழையா நீண்டுச்சு. எனக்குக் கச்சாயத்துக்கு வெல்லப்பாகு எடுக்கறதுதான் ஞாபகம் வந்துச்சு, சரியான கம்பிப் பதம். ஆறினா இறுகிக்கும், திரும்பச் சூடு காட்டினா இளகிக்கும். அதுக்கு மேல இழுக்கறதா, திரும்ப உள்ள வெக்கறதான்னு அவருக்குத் தெரியாதப்ப நாந்தான் சொன்னேன், "இது இன்னும் அஞ்சு நிமிசம் வேணுமுங்க"ன்னு. அப்படித்தான் ஒரு கிளிப்பு கூட உடையாம வந்துச்சு.

எங்களுக்குப் பெயின்ட் நல்லா நின்னுச்சு, வெளிச்சமும் குறையல. ஆனா ஒண்ணு. பிரிச்சு வெச்சுட்டு டீ குடிக்கப் போன நேரத்துல பையன் வந்து ரிஃப்ளெக்டருக்குள்ள விரலை வெச்சுட்டான். அப்ப அவனுக்கு நாலு வயசு. ரேகை தெரியுதேன்னு நான் மெத்துன்னு ஒரு பருத்தித் துணியால தொடைச்சேன். ரேகையோட அந்தப் பளபளப்பும் துணிக்கு வந்துருச்சு. எட்டணா அளவுக்குச் சாம்பல் நிறம். நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்ல. வெளிச்சத்துல அது தெரியறதில்ல, பகல்ல வண்டி முன்னாடி நின்னா எனக்கு அங்கதான் கண்ணு போகும்.

ஓவனை நாலு தரம் கழுவியும் ரெண்டு வாரம் கேக் ஆர்டர் எடுக்கல நான். சாப்பிடற பொருள் வேகற எடத்துல இதை வெக்காதீங்க, தயவு செஞ்சு.

பழைய டைனமோ, ஈரோடு

முப்பது வருசம் ஆட்டோ எலக்ட்ரீசியன் வேலை பாத்தவன் நான். என் அனுபவம் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். ஒருத்தர் மீன் தொட்டிக்கு ஒட்டற சிலிக்கான் வாங்கி ஹெட்லைட்டை ஒட்டீட்டு வந்தார். ஒட்டின அன்னிக்கு ஊறுகாய் ஜாடி தொறந்த மாதிரி வாசம் அடிச்சுதுன்னு அவரே சொன்னார். நாலு மாசம் கழிச்சுப் பிரிச்சா, ரிஃப்ளெக்டர் வெள்ளி திருநீறு மாதிரி என் விரல்ல ஒட்டுச்சு. அந்த வாசம் அசிட்டிக் அமிலம். காயும்போது வெளிய வரும், அலுமினியத்தை அரிக்கும்.

இப்ப தம்பிகளுக்குச் சில விசயம். கோபித் தம்பி பெயின்டை நொந்துக்கறார், பெயின்ட் மேல தப்பு இல்ல, அடிச்ச எடந்தான் தப்பு. அம்பாசிடர் காலத்துல ஹெட்லைட்டு முன்கண்ணாடியில கோடு கோடா வெட்டு இருக்கும், வெளிச்சத்தைப் பிரிச்சு ரோட்டுக்கு அனுப்பினது அந்தக் கண்ணாடி. இப்ப கண்ணாடி வெறும் மூடி. வேலை முழுக்க ரிஃப்ளெக்டரோட வளைவுல இருக்கு. அதுல இருக்கறது வெற்றிடத்துல ஆவியாக்கிப் படிய வெச்ச அலுமினியம், ஒரு மைக்ரான் கூடத் தடிமன் வராது, அதுக்கு மேல ஒரு காப்புப் பூச்சு. ஸ்ப்ரே டப்பாவுல இருக்கறது பொடி. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் சாஞ்சு படுக்கும், வெளிச்சம் எங்கெங்கயோ சிதறும். கண்ணுக்குப் பளபளப்பு, ரோட்டுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துச் சுவத்துல நல்லாத் தெரிஞ்சது அதனாலதான்.

திருப்பூர்த் தம்பி டிகிரிக் கணக்கு தப்புன்னு மட்டும் சொல்றார். கணக்கு சரியா இருந்தாலும் அந்த மிஷின் ஆகாது. லைட்டோட முன்கண்ணாடி பாலிகார்பனேட்டுங்கற பிளாஸ்டிக்கு, 147 டிகிரிக்குக் கிட்ட இளகீரும். உள்ள இருக்கற பெசல் அதுக்கு முன்னாடியே நெளியும். பசைக்கு 100 தாராளம். அதுக்கும் பிரியலன்னா அது பியூட்டைல் பசை இல்ல, சூட்டுக்கு இளகாத வகை. அதைக் கத்தியில அறுக்கணும், வீட்டு வேலை இல்ல.

பெசலை ஸ்க்ரூ கழட்டித் தனியா எடுத்து அடிக்கணும், டேப் ஒட்டி ரிஃப்ளெக்டர் பக்கத்துலயே வெச்சு அடிக்கக் கூடாது. முதல்ல 400, அப்புறம் 600 நம்பர் உப்புத்தாளைத் தண்ணி தொட்டுத் தேய்க்கணும். பிளாஸ்டிக் பிரைமர். மெல்லிசா மூணு கோட்டு. உடனே மூடாதீங்க, ஒரு வாரம் வெயில்ல கெடக்கட்டும். காயாத பெயின்டை மூடினா பல்புச் சூட்டுல ஆவி கெளம்பி கண்ணாடி உள்பக்கம் பனி மாதிரி படியும், பின்னால கை விட்டுத் தொடைக்க முடியாது. பின்பக்கம் சின்ன ரப்பர் குழாய் இருக்கும், காத்து போக வர அதுதான் வழி, அதைப் பசை போட்டு அடைச்சுடாதீங்க. மாட்டின பொறகு சமதளத்துல சுவத்துல இருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம்முல போட்டுப் பாருங்க. பல்பு உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழ வெளிச்சத்தோட மேல் விளிம்பு விழணும். பல்பு 60/55 வாட்டுக்கு மேல வேண்டாம். எதிர்ல வர்றவன் கண்ணு கூசக் கூடாதுன்னு ஹெட்லைட்டு நடுவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி விட்ட காலம் நம்ம ஊர்ல இருந்துச்சு, மறந்துடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, தயாரிப்பாளர் குடுத்ததுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல ஒரு மாத்தத்துக்கு 5,000 ரூபா அபராதம்.

பின்னல்துணி, திருப்பூர்

ஐயா, உங்க அனுபவத்துக்கு மரியாதை. ஆனா அந்த மிஷின்ல திரும்ப வெக்கப் போறேன்னு நான் சொல்லவே இல்ல. 5,000 ரூபாயைப் பத்தியும் யாரும் கேக்கல. என்ற விரல் பதிஞ்ச அந்தக் கண்ணாடியப் பத்தித்தான் எழுதினேன். இன்னும் பங்காளி யூனிட்டுல ஜன்னல் மேல இருக்குது.

திம்பம்27

சத்தியமங்கலம். அந்த ரப்பர்க் குழாயைப் பத்தி ஐயா சொன்னதும் எனக்கு அடிவயிறு கலங்குச்சு. நான் அடைச்சவன். தண்ணி போகக் கூடாதுன்னு சுத்தியும் பசையை அப்பி, குழாய் வாயையும் சேத்து மூடிட்டேன். ராத்திரிப் போக்குவரத்துத் தடை வர்றதுக்கு முந்தின வருசங்கள். பகல் பூரா மழை, ராத்திரி ஒரு மணிக்கு மைசூர்ல இருந்து எறங்கறேன், திம்பத்துல இருந்து பண்ணாரி வரைக்கும் 27 வளைவு. மழைத்தண்ணி எங்கயோ ஒரு சந்து வழியா உள்ள போயிருக்குது, வெளிய வர வழி இல்ல. வலது லைட்டு அடியில ரெண்டு விரக்கடை தண்ணி.

ஒவ்வொரு வளைவுலயும் அந்தத் தண்ணி ஒரு பக்கமா சாயுது, கிண்ணத்துல எண்ணெய் ஆடற மாதிரி. தண்ணி ஆட ஆட, எதிர்ல பாறை மேல விழற வெளிச்சமும் நெளியுது. பாறை அசையறாப்புல இருந்துச்சு. அந்த ரோட்டுல அசையற கருப்பு என்னவா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு எடத்துல வண்டியை நிறுத்தி இன்ஜினை அமத்திட்டு மூச்சைப் புடிச்சு உக்காந்திருந்தேன். ரெண்டும் பாறைதான். மூணாவது தடவை கரும்பு லாரி ஒண்ணு, பின் லைட்டு இல்லாம ஓரங்கட்டி நின்னுச்சு. பாறைன்னு நெனச்சுட்டு நிறுத்தாமப் போனேன். கரும்புச் சோகை கண்ணாடியில உரசினப்பதான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன்.

வாய்க்கால்மேடு, கோபி

எல்லாருக்கும் நன்றிங்க. ஐயா, பெயின்டை நான் நொந்துக்கல. பெசல் கருப்பு இன்னிக்கும் எனக்குப் புடிக்கும். மறுவாரமே உக்கடம் பழைய சாமான் கடையில ஒரு ஜோடி லைட்டு தேடி எடுத்து மாட்டிட்டேன், பெசலை மட்டும் மாத்திக்கிட்டேன். நெல்லு களத்துச் சுவத்துல கோடு போட்டு உயரமும் சரி பண்ணினேன். இப்பக் கேட்டுல இருந்து கெணத்துமேடு வரைக்கும் தெரியுது.

அப்பா அதைப் பத்தித் திரும்ப ஒரு வார்த்தை பேசல. ஆனா அதுக்கப்புறம் எனக்குக் கேட்டைத் தொறக்க வரும்போதெல்லாம் டார்ச்சு கொண்டு வர்றார். வண்டி வர்ற வரைக்கும் அவர் கால்மேல அடிச்சுட்டு நிக்கறார்.

ஆழியாத்தங்கரை

பொள்ளாச்சியில இருந்து புதுசா சேந்தேன். படிச்சுட்டு பயமாத்தான் இருக்குது, ஆனாலும் பெசல் மட்டும் அடிக்கணும். என்ற லைட்டுல இருக்கறது பியூட்டைலா இல்லையான்னு பிரிக்காமக் கண்டுபுடிக்க வழி இருக்குங்களா?

பழைய டைனமோ, ஈரோடு

மதிய வெயில்ல வண்டியை நிறுத்திட்டு, சுத்து ஓரத்துல பசை தெரியற எடத்துல நகத்தால அழுத்திப் பாருங்க தம்பி. நகம் பதிஞ்சு, எடுக்கறப்ப இழை வந்தா பியூட்டைல். நகம் பதியலன்னாலோ இழை வரலன்னாலோ கை வெக்காதீங்க.