அன்பு இருக்கு, ஆசை மட்டும் வரமாட்டேங்குது: எதை முதல்ல சரிபார்க்கணும்?

நிலாமுற்றம் கேட்டது:

சேர்ந்து வாழ ஆரம்பிச்சு 7 வருஷம். ரெண்டு பேருக்கும் 35-ஐ ஒட்டின வயசு, குழந்தைக்கு 2 வயசு. பேச்சு, சிரிப்பு, வீட்டு வேலை எல்லாம் சரியாத்தான் போகுது. உடலுறவு மட்டும் வாரத்துக்கு மூணு தடவைங்கிறதுல இருந்து ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைன்னு ஆகிடுச்சு. கேட்டா "இன்னைக்கு வேண்டாமே"ன்னு பதில். கேட்கிறதையும் குறைச்சாச்சு. இப்போ சும்மா பின்னாடி இருந்து கட்டிப்பிடிச்சாக்கூட மனைவியோட தோள் இறுகுது.

"உன்மேல அன்பு இருக்கு, ஆசைதான் வரமாட்டேங்குது"ன்னு அவங்களே சொல்றாங்க. அதை நம்பறேன். வற்புறுத்த விருப்பமில்லை, இப்படியே விட்டுடவும் மனசில்லை. பொதுவான ஆறுதல் வேண்டாம். எதை முதல்ல பார்க்கணும், என்ன வரிசையில, எவ்வளவு நாள்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகறை:

தோள் இறுகுதுன்னு எழுதியிருக்கீங்களே, பிடி அங்கேதான் இருக்கு. ஒரு வீட்டில் தொடுவதெல்லாம் படுக்கையில்தான் போய் முடியும் என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு தொடுதலும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வியாகிவிடும். மறுத்து மறுத்துக் களைத்தவர், அந்தக் கேள்வியே எழாமலிருக்க முத்தத்தைத் தவிர்ப்பார், நீங்கள் தூங்கின பிறகு படுக்க வருவார். வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் மனதுக்குள் கணக்கு வையுங்கள்: நீங்கள் அவரைத் தொட்ட நேரங்களில் எத்தனை, எதையும் எதிர்பார்க்காமல் தொட்டவை? பெரும்பாலும் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்து, ஆசை எப்படி வருகிறது என்பது. அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-ல் உடலின் எதிர்வினையை நான்கு கட்டமாகப் பிரித்தார்கள், முதல் கட்டம் கிளர்ச்சி. பாலியல் சிகிச்சையாளர் ஹெலன் கப்லான் 1979-ல் அதற்கும் முன்னால் ஆசை என்ற கட்டத்தை வைத்தார். ஆசை வந்தால்தான் மற்றதெல்லாம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அந்த வரிசையைத்தான். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ல் நேர்கோட்டை வட்டமாக்கினார். நெருக்கமாக இருக்கலாமே என்ற இசைவு, ஏற்ற சூழல், தொடுதல், உடல் விழித்துக்கொள்வது, அதற்குப் பிறகு ஆசை. நீண்டகாலம் சேர்ந்திருக்கும் பெண்கள் பலருக்கு இதுதான் இயல்பு என்றார் அவர். ஆண்களிலும் இப்படி உண்டு. உங்கள் மனைவிக்கு ஆசை செத்துவிட்டது என்று இல்லை, அது கடைசியாக வந்து சேரும் வகையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "தொடங்கினால் தானாக வந்துவிடும்" என்று இதைத் திரித்து நச்சரிப்பவர்கள் இருக்கிறார்கள். இசைவு இல்லாத இடத்தில் அந்த வட்டம் தொடங்குவதே இல்லை.

பாலியல் ஆய்வு மையமான கின்சி நிறுவனத்தில் பாங்க்ராஃப்ட், ஜான்சென் இருவரும் 1990-களில் உருவாக்கிய மாதிரி ஒன்று உண்டு. மூளையில் தூண்டும் அமைப்பும் அடக்கும் அமைப்பும் தனித்தனியாக இயங்குகின்றன, ஆக்சிலேட்டரும் பிரேக்கும் போல. பிரேக்கில் கால் அழுந்தியிருக்கும்போது எவ்வளவு முடுக்கினாலும் வண்டி நகராது. புது உள்ளாடை, மெழுகுவர்த்தி, வீடியோ எல்லாம் முடுக்குவதுதான். அதனால் தோற்கின்றன.

இருவரும் தனித்தனிக் காகிதத்தில் பிரேக்குகளை எழுதுங்கள். ஆளுக்கு பத்து வரி. "நீ" என்று எந்த வரியும் தொடங்கக் கூடாது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழந்தை எழுந்துவிடும், மறுபடி கருத்தரித்துவிடுமோ, உள்ளே எரிகிறது, குளிக்காமல் பிடிக்கவில்லை, பிரசவத்துக்குப் பின் வயிற்றை யாரும் பார்க்க வேண்டாம், போன் வெளிச்சம். இப்படிச் சின்னதாக இருக்கட்டும். தாழ்ப்பாள் போன்றவற்றை இந்த வாரமே முடித்துவிடலாம். கருத்தரிக்கும் பயம் இருந்தால் அதற்கு ஏற்பாடு செய்யாமல் வேறு எதையும் தொடங்காதீர்கள், அது எல்லாவற்றையும் விடக் கனமான பிரேக்.

மருந்துச்சீட்டு:

வைகறை சொன்னது சரி. ஆனால் உடலைச் சோதிக்காமல் மனதோடு மல்லுக்கட்ட வேண்டாம். நான் பார்க்கச் சொல்லும் வரிசை இது.

வலி. உறவின்போது வலித்திருந்தால் அன்றே நிறுத்திவிட்டு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் உடல் இறுகக் கற்றுக்கொள்கிறது. இடுப்புத்தளத் தசைகள் இறுகியிருந்தால் அதற்கென்றே பிசியோதெரபி இருக்கிறது. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறார் என்றால் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் புரோலாக்டின் ஏறி, பெண்மை ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கலாம், உலர்ச்சி அதனால் வரலாம். அது ஆசையின்மைக்கு அத்தாட்சி இல்லை. நீர் அடிப்படையிலான அல்லது சிலிக்கான் அடிப்படையிலான லூப்ரிகன்ட் (உராய்வைக் குறைக்கும் வழுக்குப் பசை) வாங்குங்கள். எண்ணெயும் வாஸலினும் லேடெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும், கிழிந்துவிடலாம்.

மருந்து. மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், பராக்ஸடின், எஸ்சிடலோப்ராம் போன்றவை நாட்டத்தையும் உச்சத்தையும் குறைப்பது சாதாரணம். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் வரலாம், பழைய நோயும் திரும்பலாம். மருத்துவரிடம் இந்தக் குறையை வாய்விட்டுச் சொன்னால் அளவை மாற்றலாம், வேறு மருந்துக்கு, உதாரணமாக புப்ரோப்பியானுக்கு, மாற்றலாம். மருத்துவர்களாகக் கேட்பது அரிது. கருத்தடை மாத்திரை தொடங்கின பிறகு குறைந்தது என்றால் தேதியோடு குறித்துக்கொண்டு போங்கள்.

ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்எச் (தைராய்டு). மாதவிடாய் தாறுமாறாக இருந்தால் புரோலாக்டினும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் சில வாரத்தோடு முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், நீடிக்கக்கூடியது. எதிலுமே நாட்டமில்லை, தூக்கம் இல்லை என்றால் அதற்குத்தான் முதல் சிகிச்சை.

நாட்டம் குறைவது ஆணுக்கும் வரும். அங்கே டெஸ்டோஸ்டிரோனைக் காலை 10 மணிக்குள், இரண்டு வெவ்வேறு நாளில் எடுக்க வேண்டும். ஒரு மாலை எடுத்த ஒரே எண்ணை வைத்து ஊசி போட்டுக்கொள்வது தவறு. விறைப்பும் குறைந்திருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு சில ஆண்டுகள் முன்பே அப்படித் தலைகாட்டலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாக இறங்கிவிடும்.

கொன்றை:

உடலில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, தொடுதலையும் எதிர்பார்ப்பையும் பிரித்துவிடுவது. இதற்கு நன்கு புழங்கிய முறை சென்சேட் ஃபோகஸ், அதாவது தொடு உணர்வில் மட்டும் கவனம் வைக்கும் பயிற்சி. மாஸ்டர்ஸ், ஜான்சன் 1970-ல் வெளியிட்டது. இன்றும் பாலியல் சிகிச்சையாளர்கள் பலர் இதைப் பயன்படுத்துகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள், எல்லாரும் இதை அரைகுறையாகச் செய்துதான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் தடை. ஆறு வாரத்துக்கு உடலுறவு கிடையாது. இதை நீங்கள்தான், வாய்விட்டு, "நீயே ஆசைப்பட்டுக் கேட்டாலும் இந்த ஆறு வாரம் கிடையாது" என்று சொல்ல வேண்டும். மறுக்க வேண்டிய வேலை அவர் தோளிலிருந்து இறங்குவது அந்த வாக்கியத்தில்தான்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று அமர்வு. ஒருவர் 15 நிமிடம் தொடுவார், மற்றவர் படுத்திருப்பார், பிறகு மாறிக்கொள்வது. அறையில் மங்கின வெளிச்சம் இருக்கட்டும், முழு இருட்டு வேண்டாம். போன் வேறு அறையில். நேரத்துக்கு ஒரு சின்ன டைமர் போதும். உடை அவரவர் கூச்சத்துக்கு ஏற்ப, முதல் நாள் முழு உடையோடு இருந்தாலும் தவறில்லை. இரவு 11 மணிக்கு வைக்காதீர்கள், பாதியில் தூங்கிவிடுவார்.

முதல் இரண்டு வாரம் மார்பகமும் பிறப்புறுப்பும் விலக்கு. தொடுபவர் மற்றவரைச் சந்தோஷப்படுத்தத் தொடக் கூடாது. தன் விரலுக்கு என்ன தெரிகிறது என்று மட்டும் கவனிக்க வேண்டும்: சூடா குளிர்ச்சியா, வழவழப்பா சொரசொரப்பா, அழுத்தமா மென்மையா. காது மடலுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன எலும்பு மேட்டில் தோல் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறது, முழங்கையின் உள்மடிப்பில் சூடு எவ்வளவு அதிகம், பிடரி முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. உள்ளங்கையால் பார்த்ததை விரல் முதுகால் ஒருமுறை பாருங்கள், வேறு தோல் மாதிரி இருக்கும். மனம் எங்கோ ஓடினால் திரும்ப விரலுக்குக் கொண்டுவருவது, அவ்வளவுதான் வேலை.

படுத்திருப்பவருக்கு ஒரே பொறுப்பு: பிடிக்காவிட்டால் கையை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிடுவது. நன்றாக இருப்பதுபோல முனகத் தேவையில்லை. பேச்சு கிடையாது. முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வாக்கியம், அதுவும் உணர்ந்ததைப் பற்றி மட்டும். "பிடிச்சுதா?" என்று கேட்டால் அது தேர்வாகிவிடும்.

மூன்றாம் வாரம் விலக்கிய இடங்களும் சேரும், ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது, கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். இங்கே கைமேல் கை வைக்கும் உத்தி உதவும்: படுத்திருப்பவர் தன் கையைத் தொடுபவர் கைமேல் வைத்து அழுத்தத்தையும் வேகத்தையும் காட்டுவார். வாயால் சொல்லக் கூசுவதை அந்தக் கை சொல்லிவிடும். நான்காம் வாரம் இருவரும் ஒரே நேரத்தில். ஐந்தாம் வாரம் உடல்மேல் உடல், நுழைவு இல்லாமல். ஆறு முடிந்தபின், இருவருக்கும் விருப்பமிருந்தால், நுழைவுக்குப் பின் அசைவில்லாமல் சேர்ந்திருப்பது. ஒரு கட்டத்தில் தோள் இறுகினால் முந்தின கட்டத்துக்குத் திரும்புங்கள். வாரக்கணக்கு வெறும் தோராயம்தான்.

பெரும்பாலும் கெட்டுப்போவது இரண்டாவது வாரத்தில். நல்லபடியாகப் போகும், உடல் விழித்துக்கொள்ளும், "ஒரு தடவைதானே" என்று தடையை மீறுவார்கள். இருவருக்கும் விருப்பம் இருந்திருக்கும்தான். ஆனால் அடுத்த அமர்வில் படுக்கும்போதே "இதுவும் அங்கேதான் போகுமா?" என்று உடல் கேட்கும், தோள் மறுபடி இறுகும். விறைப்பு வரட்டும், ஈரம் வரட்டும், டைமர் அடித்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போங்கள். தனியாக சுயஇன்பம் அவரவர் விருப்பம், அதற்குத் தடையில்லை. இன்னொரு தவறு, இதை மசாஜாக்குவது. தசையை அழுத்த ஆரம்பித்ததும் அது சேவையாகிவிடும்.

நிலாமுற்றம்:

ரொம்ப நன்றி. தாழ்ப்பாள் விஷயம் அப்படியே எங்க வீட்டுக்கே எழுதின மாதிரி இருக்கு. ஒரு சந்தேகம்: நாள் குறிச்சு, டைமர் வெச்சு செஞ்சா இயல்பே போயிடாதா? ஆறு வாரம் கழிச்சு எத்தனை தடவைன்னு எதை அளவா வெச்சுக்கறது?

மாடத்துவிளக்கு:

நாள் குறிக்கிறதுல தப்பே இல்ல சகோ. பழகின புதுசுல எல்லாம் தானா நடந்ததுன்னு தோணும். யோசிச்சுப் பாருங்க, சந்திக்கிற நாள் முன்னாடியே முடிவாகியிருக்கும், உடை முன்னாடியே எடுத்து வெச்சிருப்பீங்க, நாள் முழுக்க எதிர்பார்ப்பு இருந்திருக்கும். அதுவும் நேரம் குறிச்சதுதான். "ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்"னு சொல்லி விட்டுடறவங்க அந்த ஏற்பாட்டை நிறுத்தினதைக் கணக்குல எடுக்கறதில்ல. ஆனா குறிக்கிறது நெருக்கத்துக்கான நேரமா இருக்கணும். உடலுறவுக்குன்னு குறிச்சா அந்த நாள் நெருங்க நெருங்க பயம்தான் வரும்.

அளவு பத்தி: 2015-ல வந்த ஒரு ஆய்வுல (ஏமி ம்யூஸ் குழு, 30,000 பேருக்கு மேல) துணையோட வாழறவங்களுக்கு வாரம் ஒரு தடவை வரைக்கும் எண்ணிக்கையோட மனநிறைவும் சேர்ந்து கூடியிருந்தது, அதுக்கு மேல கூடல. அதே வருஷம் இன்னொரு சோதனையில தம்பதிகள்ல ஒரு பகுதியை இருமடங்கா ஆக்கச் சொன்னாங்க. அவங்க சந்தோஷம் கூடல, கொஞ்சம் குறைஞ்சது, விருப்பமும் குறைஞ்சது. அதனால பழைய "வாரம் மூணு"ங்கிற எண்ணைத் தூக்கிப் போடுங்க. எத்தனை தடவை முழு மனசோட நடந்ததுன்னு பாருங்க, மாசத்துக்கு ரெண்டா இருந்தாலும் சரி.

மறுப்பு எப்படி நடக்குதுங்கிறது எண்ணிக்கையை விடப் பெரிய விஷயம். மறுக்கிறவங்க எதுக்கு மறுக்கிறோம்னு தெளிவாக்கிட்டா போதும்: "இன்னைக்கு அது வேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்துல படு." கேட்டவர் அந்தப் பத்து நிமிஷம் உண்மையாவே பக்கத்துல படுக்கணும். பெருமூச்சு விட்டு சுவர்ப்பக்கம் திரும்பினா, அடுத்த தடவை அந்தப் பத்து நிமிஷமும் கிடைக்காது.

வீட்டு வேலை சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. செய்யறது சரி, நினைவு வெச்சுக்கறது யாரு? தடுப்பூசித் தேதி, சோப்பு தீரப்போகுதுங்கிறது, குழந்தைக்கு செருப்பு சின்னதாயிடுச்சுங்கிறது யார் தலையில ஓடுது? "சொன்னா செய்யறேன்"னா நினைக்கிற வேலை இன்னும் அவங்களோடதுதான். ரெண்டு மூணு பொறுப்பை, கவனிக்கிறதுல இருந்து முடிக்கிற வரைக்கும், முழுசா எடுத்துக்கோங்க. ஆனா அதைப் படுக்கையில கணக்குக் காட்டாதீங்க.

நிலாமுற்றம்:

புரியுது. இந்த வாரம் பிரேக் காகிதம், பரிசோதனைக்கு நேரம் வாங்கறது. அடுத்த வாரம் தொடங்கறோம். கடைசியா ஒண்ணு: முதல் அமர்வுல யார் முதல்ல தொடறது?

கொன்றை:

அவர் தொடட்டும், நீங்கள் படுங்கள். எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு அழுத்தம் என்பது அவர் கையில் இருந்தால் முதல் 15 நிமிடத்தில் அவர் எதையும் தடுத்து நிறுத்த வேண்டியிருக்காது. கையை மட்டும்தான் தொட்டார் என்றால் கையோடே இருக்கட்டும், வேறு இடம் காட்டாதீர்கள். கூப்பிடுவதை மாற்றி மாற்றி வையுங்கள், முதல் அமர்வுக்கு நீங்கள், அடுத்ததற்கு அவர். 48 மணி நேரத்துக்குள் அடுத்த அமர்வை அவர் கூப்பிடாவிட்டால் ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதன் பிறகும் நடக்கவில்லை என்றால் அந்த நேரத்தில் உட்கார்ந்து, காகிதத்தில் எந்த வரி இன்னும் தீரவில்லை என்று கேளுங்கள்.